கிரிட்டா பிரஷ் பண்டில் தயாரிப்பது எப்படி: அடுத்தவர் கணினியிலும் அப்படியே வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் சொந்தமாக பிரஷ் செய்து வைத்திருப்பவர்களிடம் நண்பர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: "அந்த பிரஷைக் கொஞ்சம் அனுப்பேன்." நாமும் பிரஷ், பேட்டர்ன் போன்றவற்றைக் கிரிட்டா வைத்திருக்கும் ரிசோர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அந்த ஒரு ஃபைலை எடுத்து வாட்ஸப்பில் தட்டிவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் பதில் வரும்: "வந்துச்சு, ஆனா நீ போட்ட மாதிரி வரலையே." பெயர் அதேதான், சின்னப் படமும் அதேதான். ஆனால் கோடு மட்டும் மொழுமொழுவென்று, சம்பந்தமே இல்லாத வேறு பிரஷ் போல விழுகிறது.

அனுப்பியவர் மேலும் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. ஒரு பிரஷ் என்பது ஒரே ஃபைல் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: உங்கள் பிரஷ் எதையெல்லாம் நம்பி நிற்கிறதோ அத்தனையும் தொகுப்புக்குள் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை உங்கள் வழக்கமான செட்டப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏனென்றால் அங்கே எல்லாமே ஏற்கெனவே இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்னத் தொகுப்பை வைத்துக்கொள்வோம். மெல்லியது, தடிமன் என்று கோலமாவு விழுவது போன்ற சில பிரஷ்கள், காவி பூசுவதற்குப் பட்டை பிரஷ் என்று மொத்தம் ஆறு பிரஷ்கள், சிமென்ட் தரைச் சொரசொரப்புக்கு ஒரு பேட்டர்ன் (பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் படம்), காவி-வெள்ளை-செங்கல் நிறங்களுக்கு ஒரு பேலட். படிகள் எல்லாம் கிரிட்டா 5 வரிசைக்கானவை. 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில்தான் ரிசோர்ஸ்களை வைத்துக்கொள்ளும் முறையே அடியோடு மாறியது. அதற்கு முந்தைய காலத்து வழிமுறைகளை இன்றும் பலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவற்றை அப்படியே பின்பற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு பிரஷுக்குள் என்னென்ன இருக்கின்றன

நாம் பட்டியலில் தொட்டு எடுக்கும் பிரஷுக்கு கிரிட்டாவில் பிரீசெட் என்று பெயர். அதன் ஃபைல் கேபிபி வகை. உண்மையில் அது ஒரு பிஎன்ஜி படம். பட்டியலில் தெரியும் சின்னப் படம்தான் அந்தப் பிஎன்ஜி. அளவு, ஒளிபுகாமை, பேனா அழுத்தத்துக்கு எப்படி மாற வேண்டும் என்பது போன்ற எல்லா அமைப்புகளும் அந்தப் படத்துக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்திருக்கும்.

பிரஷின் முனை வடிவம் தனி. அது டிப். படமாக இருக்கும் டிப்புக்கு பிஎன்ஜி, எஸ்விஜி, கிம்ப் என்ற இன்னொரு பட மென்பொருளின் வழக்கமான ஜிபிஆர், பல படங்கள் அடங்கிய ஜிஐஎச் என்று தனி ஃபைல் இருக்கும். பிரீசெட் அந்த டிப்பை அடையாளம் சொல்லித்தான் கூப்பிடுகிறது. கூப்பிட்ட டிப் அந்தக் கணினியில் இல்லை என்றால், கிரிட்டா இருப்பதில் ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். நண்பர் பார்த்த மொழுமொழு கோட்டின் கதை இதுதான்.

இவை தவிர பேட்டர்ன், ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் கிரேடியன்ட், பேலட், பேனல்கள் அடுக்கிய ஒர்க்ஸ்பேஸ் எல்லாம் தனித்தனி ரிசோர்ஸ்கள். இவற்றை ஒன்றாகக் கட்டும் ஃபைல்தான் பண்டில். அதைத்தான் செய்யப் போகிறோம்.

முதலில் டிப்பையும் பேட்டர்னையும் சுத்தம் செய்யுங்கள்

பண்டில் செய்வது கடைசி வேலை. அதற்கு முன்பு மூலப்பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும்.

டிப்புக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு-சாம்பல் படம் போதும். வழக்கமான மாஸ்க் முறையில் கறுப்பு இருக்கும் இடத்தில் நிறம் விழும், வெள்ளை இருக்கும் இடத்தில் விழாது. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஓரம். பின்னணி வெள்ளை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், போனில் எடுத்த படத்தில் அது மிக வெளிர் சாம்பலாக இருக்கும். ஒரு முறை குத்தினால் தெரியாது. கோடு இழுத்தால் அந்த வெளிர் சாம்பல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கோட்டைச் சுற்றி அழுக்குச் சட்டம் போல நிற்கும். இருட்டு-வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ் ஃபில்டரில் வெள்ளை முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பின்னணியைச் சுத்த வெள்ளையாக்கிவிடுங்கள்.

அளவும் முக்கியம். பிரஷை 60 பிக்சலில்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் 2000 பிக்சல் டிப் வீண். பழைய லேப்டாப்பில் கோடு பேனாவுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். பெரும்பாலான பிரஷ்களுக்கு 200 முதல் 500 பிக்சல் வரை தாராளம் என்பது என் கணக்கு.

கோலமாவு பிரஷுக்கு ஒரே படத்தை டிப்பாக வைத்தால் ஒரே சிதறல் திரும்பத் திரும்ப வந்து, அச்சுக் குத்தியது போல இருக்கும். அதனால் நாலைந்து விதமான சிதறல்களைத் தனித்தனி லேயர்களில் வரைந்துகொள்ளுங்கள். எஃப்5 அழுத்தி பிரஷ் எடிட்டரைத் திறந்து, பிரஷ் டிப் பகுதியில் பிரீடிஃபைண்ட் தாவலில் இருக்கும் ஸ்டாம்ப் பட்டனை அழுத்துங்கள். ஸ்டைல் என்ற இடத்தில் அனிமேட்டட் என்று மாற்றி, தேர்வு முறையை ரேண்டம் என்று வைத்தால், லேயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஜிஐஎச் டிப் ஆகிவிடும். ஒவ்வொரு குத்தலுக்கும் கிரிட்டா ஏதோ ஒன்றை எடுத்துப் போடும். இதிலேயே பேனா அழுத்தத்துக்கு ஏற்ப படம் மாறும் வழியும் உண்டு. மெல்ல வைத்தால் நாலு மணல், அழுத்தினால் ஒரு பிடி மாவு என்று செய்து பாருங்கள், நன்றாக இருக்கும்.

பேட்டர்னுக்கு ஒரே நிபந்தனை: ஓரம் ஓரத்தோடு சேர வேண்டும். சிமென்ட் தரைப் படத்தைத் திறந்து டபிள்யூ விசையை அழுத்துங்கள். படம் நாலா பக்கமும் தானாகப் பரவித் தெரியும். ஒட்டு எங்கே தெரிகிறதோ, அங்கேயே, படத்தின் வேறிடத்தை நகலெடுத்துப் பூசும் குளோன் பிரஷால் ஒட்டுப்போட்டு மறைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இருட்டாக இருக்கும் படம் என்றால், ஓரம் சேர்ந்தாலும் பெரிய பரப்பில் கட்டம் கட்டமாகத் தெரிந்துவிடும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தரையைப் படமெடுக்காமல், மேகமூட்டமான நாளில் எடுத்தால் பாதி வேலை மிச்சம்.

போனில் எடுத்த படத்தை அப்படியே உள்ளே போடாதீர்கள். எடுத்த இடத்தின் விவரம் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுத் தரை என்றால் வீட்டு இருப்பிடமே போய்விடும். தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்து, புதிய கேன்வாஸில் ஒட்டி, பிஎன்ஜியாகச் சேமித்தால் அந்தக் கவலை இல்லை.

பெயர் வைப்பது

பிரீசெட் பட்டியல் பெயர் வரிசையில்தான் அடுக்கப்படும். கிரிட்டாவோடு வரும் பிரஷ்களைப் பாருங்கள்: அழிப்பான்கள் எல்லாம் 'ஏ' எழுத்து, அடைப்புக்குறி, அடிக்கோடு என்று தொடங்கும். அடிப்படை பிரஷ்கள் 'பி' எழுத்தில் தொடங்கும். வகைவாரியாகச் சேர்ந்து நிற்கத்தான் அந்த ஏற்பாடு. நீங்களும் உங்கள் தொகுப்புக்கு ஒரு முன்னொட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'கோலம்_மாவு_மெல்லியது', 'கோலம்_மாவு_தடிமன்', 'கோலம்_காவிப்பட்டை' என்பது போல. இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேனே தவிர, ஃபைல் பெயரை ஆங்கில எழுத்துகளிலேயே வைப்பது பாதுகாப்பு. பழைய ஜிப் மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறுவது வழக்கமான தொல்லை. இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.

டிப்புக்கும் அதே முன்னொட்டு. 'பிரஷ்1', 'டெக்ஸ்சர்', 'புதியது' என்ற பெயர்களில் உலகம் முழுக்க டிப்புகள் இருக்கின்றன. வாங்குபவரிடம் அதே பெயரில் வேறொரு டிப் ஏற்கெனவே இருந்தால் தேவையில்லாத குழப்பம். முக்கியமாக, பெயரை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிரீசெட் செய்து முடித்த பிறகு ஃபோல்டருக்குள் போய் டிப்பின் ஃபைல் பெயரை மாற்றினால், பிரீசெட் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கலாம்.

பிரீசெட்டை உறுதியாகச் சேமியுங்கள்

இதை ஒரு சடங்கு என்று நினைத்து விரைவாகக் கடந்துவிடுவார்கள். ஆனால் தவறான பிரஷ் பண்டிலுக்குள் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பிரஷின் அமைப்புகளைக் கொஞ்சம் மாற்றிவிட்டு வேறு பிரஷுக்குப் போய்த் திரும்பினாலும் மாற்றம் அப்படியே இருக்கும்படி ஒரு வசதி கிரிட்டாவில் உண்டு. அப்படி மாறிய பிரீசெட்டின் சின்னப் படத்தில் ஒரு கூட்டல் குறி தெரியும். வரைபவருக்கு இது வசதி. பண்டில் செய்பவருக்கு வம்பு. நீங்கள் வாரக்கணக்கில் பயன்படுத்திப் பழகிய பிரஷ் மாற்றங்களோடு கூடியது. பண்டிலுக்குள் போவதோ கடைசியாகச் சேமித்தது. எனவே தொகுப்பில் சேர்க்கப் போகும் ஒவ்வொரு பிரீசெட்டையும் எடுத்து, எஃப்5 அழுத்தி, புதிய பிரீசெட்டாக, முடிவான பெயரில் சேமித்துவிடுங்கள். இருக்கும் பிரீசெட்டின் மேலேயே சேமித்துக்கொண்டு போனால் கிரிட்டா 5 ஒவ்வொரு முறையும் புள்ளி வைத்து 0001, 0002 என்று எண் சேர்த்துத் தனிப் பதிப்பாக வைத்துக்கொள்ளும். முடிவான பெயரில் புதிதாகச் சேமித்தால் எது கடைசி என்ற சந்தேகமே வராது.

அளவையும் பாருங்கள். நீங்கள் சேமிக்கும்போது பிரஷ் என்ன அளவில் இருக்கிறதோ, அந்த அளவில்தான் அடுத்தவரிடம் திறக்கும். 900 பிக்சலில் விட்டுச் சேமித்தால், அவர் முதல் கோட்டிலேயே கேன்வாஸை நிரப்பிவிட்டு உங்களைத் திட்டுவார்.

பேனா அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. கிரிட்டாவில் அழுத்த வளைகோடு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கான்ஃபிகர் கிரிட்டாவில் டேப்லெட் பகுதியில் இருப்பது. எல்லா பிரஷுக்கும் பொது, பண்டிலில் போகாது. மற்றொன்று, பிரீசெட்டுக்குள் அளவுக்கும் ஒளிபுகாமைக்கும் தனித்தனியாக இருப்பது. இது பண்டிலோடு போகும். உங்கள் கை அழுத்தமானது என்றால் அந்தச் சரிசெய்தலைப் பொது வளைகோட்டில் வையுங்கள். பிரீசெட்டுக்குள் வைத்தால், மென்மையாக வரைபவர் கையில் அந்த பிரஷ் எழும்பவே எழும்பாது. பண்டில் செய்வதற்கு முன் பொது வளைகோட்டை நேர்க்கோடாக்கிவிட்டு பிரஷ்களை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சின்னப் படம் பிரஷின் முகம். பிரஷ் எடிட்டரில் வரைந்து பார்க்கும் இடத்துக்கு ஸ்கிராட்ச்பேட் என்று பெயர்; அதில் வரைந்ததைப் படமாக எடுத்துக்கொள்ளும் பட்டன் சேமிக்கும் பெட்டியிலேயே இருக்கிறது. அந்தப் பிரஷாலேயே ஒரு கோடு இழுத்து வையுங்கள். அழகான பூப்படம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், எந்த பிரஷ் என்ன செய்யும் என்றுதான் யாருக்கும் தெரியாது.

பேலட்டில் ஒரு பொறி உண்டு. கிரிட்டா 5-ல் பேலட்டை அந்த ஓவிய ஃபைலுக்குள்ளேயும் வைக்கலாம், ரிசோர்ஸாகவும் வைக்கலாம். ஓவியத்துக்குள் இருக்கும் பேலட் பண்டில் பட்டியலில் வராது. பேலட் எடிட்டரில் அதை ரிசோர்ஸாகச் சேமிக்கும்படி மாற்றிவிடுங்கள். கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கும் கொடுக்க நினைத்தால் ஜிபிஎல் வகை பொருந்தும். கிரிட்டாவுக்கு மட்டும் என்றால் கேபிஎல் நல்லது. அது வண்ண வெளி விவரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

டேக் போடாமல் அனுப்பாதீர்கள்

பண்டிலை நிறுவியதும் வாங்கியவர் முதலில் கேட்பது, "எங்கே இருக்கு?" என்பதுதான். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருக்கும் பிரஷ்களுக்கு நடுவே உங்கள் ஆறு பிரஷ்கள் காணாமல் போய்விடும். அதற்குத்தான் டேக், அதாவது பிரஷ்களைக் குழுவாகப் பிரித்துக் காட்டும் அடையாளப் பெயர். பிரஷ் பிரீசெட்ஸ் பேனலில் 'கோலம்' என்று ஒரு டேக் உருவாக்கி, தொகுப்பின் பிரீசெட்டுகளை மட்டும் அதில் சேருங்கள். அடுத்தவரிடமும் அதே டேக் கீழிறங்கு பட்டியலில் தெரியும். 'இங்க்', 'டெக்ஸ்சர்' போன்ற பொதுவான டேக்குகள் வேண்டாம். அவை கிரிட்டாவின் சொந்த டேக்குகளோடு கலந்து போகும்.

பண்டில் உருவாக்குதல்

செட்டிங்ஸ் மெனுவில் மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ் என்பதைத் திறந்து, பண்டில் உருவாக்கும் பட்டனை அழுத்துங்கள். இந்தப் பெட்டியின் தோற்றம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், கேட்பது ஒன்றுதான்.

பெயர், உருவாக்கியவர், மின்னஞ்சல், இணையதளம், உரிமம், விளக்கம் என்று விவரங்கள் கேட்கும். பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள்: 'கோலம்_பிரஷ்_வி1' என்பது போல. மின்னஞ்சல் கட்டாயமில்லை. எழுதினால் அது பண்டிலுக்குள் பதிந்து, யார் யார் கைக்கோ போகும் என்பதை நினைவில் வையுங்கள். விளக்கத்தில் குறைந்தபட்சம் எந்தக் கிரிட்டா பதிப்பு வேண்டும் என்று எழுதுங்கள். முன்னோட்டப் படத்துக்கு எல்லா பிரஷ்களாலும் வரைந்த ஒரு சதுரப் படம் போதும்.

அடுத்து ரிசோர்ஸ்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, இடப்பக்கம் இருப்பதில் வேண்டியதை வலப்பக்கம் தள்ளுங்கள். பிரீசெட்டுகளை மட்டும் சேர்த்துவிட்டு முடித்துவிடத் தோன்றும். பிரீசெட் நம்பியிருக்கும் டிப்பைக் கிரிட்டா 5 தானாகவே சேர்த்துக்கொள்ளப் பார்க்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் டிப், பேட்டர்ன், பேலட் மூன்றையும் கையாலேயே தேர்ந்தெடுத்துச் சேருங்கள். முன்னொட்டு வைத்தது இங்கே கைகொடுக்கும்: 'கோலம்' என்று தேடினால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். டேக்குகளைச் சேர்க்கும் இடமும் இதே பெட்டியில்தான், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒர்க்ஸ்பேஸைச் சேர்க்கலாமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்பேன். உங்கள் அகலத் திரையில் அழகாக இருக்கும் பேனல் அடுக்கு, அடுத்தவரின் சின்ன லேப்டாப் திரையில் பாதி கேன்வாஸைத் தின்றுவிடும். பைத்தான் பிளகின்கள் பண்டிலில் போகாது. அவற்றுக்கு டூல்ஸ் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் கீழே தனி இறக்குமதி வழி இருக்கிறது, தனி ஜிப் ஃபைலாகத்தான் கொடுக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்

பண்டில் என்பது பெயர் மாற்றிய ஜிப் ஃபைல்தான். ஒரு பிரதி எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பிரீசெட்டுக்கு ஒரு ஃபோல்டர், டிப்புக்கு ஒன்று, பேட்டர்னுக்கு ஒன்று, பேலட்டுக்கு ஒன்று இருக்கும். கூடவே முன்னோட்டப் படம், உருவாக்கியவர் விவரம் அடங்கிய மெட்டா ஃபைல், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பட்டியலான மேனிஃபெஸ்ட் ஃபைல்.

அந்த மேனிஃபெஸ்டை நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் அதன் வகை, இடம், எம்டி5 எனப்படும் சரிபார்ப்பு எண், டேக் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். நீங்கள் செய்த டிப்புகள் எத்தனை, இங்கே இருப்பது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இந்த எம்டி5 எண்ணால்தான், ஜிப்பைத் திறந்து உள்ளே ஒரு படத்தை மட்டும் மாற்றி மறுபடி மூடும் குறுக்குவழி சரிப்படாது. படம் மாறினால் எண் மாறும், பட்டியலில் பழைய எண் இருக்கும். ஏதாவது திருத்த வேண்டுமானால் கிரிட்டாவுக்குள் திருத்தி, பண்டிலைப் புதிதாகவே உருவாக்குங்கள்.

வெற்றுக் கிரிட்டாவில் சோதனை

இந்தப் படியைத் தவிர்ப்பதாக இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தது பாதிப் பலன்தான். இதற்கு இன்னொரு கணினி தேவையில்லை.

1. செட்டிங்ஸ் மெனுவில் கான்ஃபிகர் கிரிட்டா, அதில் ஜெனரல், அதில் ரிசோர்சஸ் தாவல். ரிசோர்ஸ் ஃபோல்டர் எது என்று அங்கே எழுதியிருக்கும். அந்தப் பாதையை முதலில் எங்காவது குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வர அது வேண்டும்.

2. டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, அந்த இடத்தில் அதைக் காட்டுங்கள். கிரிட்டாவை மூடித் திறங்கள். இப்போது திறப்பது புதிதாக நிறுவியது போன்ற கிரிட்டா. அதன் சொந்த பிரஷ்கள் மட்டும் இருக்கும், உங்களுடையது எதுவும் இருக்காது.

3. மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸில் இம்போர்ட் அழுத்தி உங்கள் பண்டிலைக் கொடுங்கள். டேக் பட்டியலில் 'கோலம்' வந்திருக்கிறதா பாருங்கள்.

4. ஒவ்வொரு பிரஷையும் எடுத்து எஃப்5 அழுத்தி, பிரஷ் டிப் பகுதியில் எந்த டிப் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். டெக்ஸ்சர் உள்ள பிரஷ் என்றால் பேட்டர்னையும் பாருங்கள்.

5. பண்டில் செய்வதற்கு முன்பே எல்லா பிரஷ்களாலும் ஒரு தாளில் கோடுகள் இழுத்து வைத்திருந்தால், இப்போது அதே அளவில் பக்கத்திலேயே இழுத்து ஒப்பிடலாம். கேன்வாஸ் இரண்டும் 8 பிட் ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். 32 பிட் மிதவை கேன்வாஸில் நிறங்கள் கலக்கும் விதமே வேறாகத் தெரியலாம். அதை பிரஷின் குறை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டுவது, வேறொருவரின் பண்டிலிலிருந்து எடுத்த டிப். முன்பு எப்போதோ இறக்கிய தொகுப்பிலிருந்த ஒரு டிப்பை உங்கள் காவிப்பட்டைக்குப் பயன்படுத்தியிருப்பீர்கள், இப்போது நினைவே இருக்காது. பண்டிலில் அது இல்லையென்றால் இங்கே பட்டை வேறு மாதிரி விழும். பண்டிலில் இருந்தால் வேறு சிக்கல்: அதை மறுபடி பகிர உங்களுக்கு உரிமை இருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் அந்த டிப்பை நீங்களே வரைந்து மாற்றிவிடுவதுதான் மேல். போட்டோஷாப்பின் ஏபிஆர் ஃபைல்களுக்கும் இதே கேள்வி. கிரிட்டா அவற்றிலிருந்து டிப் படங்களை எடுத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய ஏபிஆர் என்பதால் மறுவிநியோகம் செய்யும் உரிமையும் கூடவே வந்துவிடாது.

சோதனை முடிந்ததும் பழைய பாதையை மீண்டும் போட்டு, கிரிட்டாவை மூடித் திறந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

பழைய பதிப்பிலும் பார்க்க நினைத்தால், விண்டோஸுக்கு நிறுவத் தேவையில்லாத ஜிப் வடிவமும், லினக்ஸுக்கு ஆப்இமேஜும் கிடைக்கின்றன. ஆனால் அவையும் வழக்கமான ரிசோர்ஸ் ஃபோல்டரையே தொடும் என்பதால், அப்போதும் சோதனை ஃபோல்டரைக் காட்டுவது அவசியம். 5.0-ல் வந்த மைபெயின்ட் எஞ்சினைப் (மைபெயின்ட் என்ற இன்னொரு ஓவிய மென்பொருளின் பிரஷ் இயங்கும் முறை) பயன்படுத்தும் பிரஷ் உங்கள் தொகுப்பில் இருந்தால் கிரிட்டா 4-ல் அது ஓடாது. அதைத் தேடிச் சோதிக்கவே வேண்டாம், "கிரிட்டா 5 வேண்டும்" என்று எழுதிவிட்டால் போதும்.

கூடவே போகும் குறிப்பு

பண்டிலை மட்டும் கொடுக்காதீர்கள். பண்டில், ஒரு குறிப்பு ஃபைல், பிரஷ்களின் பெயரோடு கோடுகள் இழுத்துக் காட்டிய ஒரு படம்; மூன்றையும் ஒரு ஜிப்பில் போடுங்கள். குறிப்பைத் தமிழில் எழுதினால், எழுத்துகள் சிதையாமல் இருக்க யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள்.

குறிப்பில் நிறுவும் முறை முதலில் வரட்டும். நன்றி, ஊக்கம், உத்வேகம் எல்லாம் கடைசியில். இப்படி எழுதலாம்:

"முதலில் இந்த ஜிப்பைப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் பண்டில் ஃபைலைப் பிரிக்க வேண்டாம். கிரிட்டாவில் செட்டிங்ஸ், மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ், இம்போர்ட் என்று போய் அந்தப் பண்டில் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பிரஷ் பிரீசெட்ஸ் பேனலில் 'கோலம்' டேக்கைத் தேர்ந்தெடுங்கள். ஆறு பிரஷ்கள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிரிட்டாவை ஒரு முறை மூடித் திறங்கள்."

எத்தனை பிரஷ்கள் தெரிய வேண்டும் என்ற எண்ணிக்கை அற்பமாகத் தோன்றலாம். நிறுவியது சரியாக முடிந்ததா என்று வாங்குபவர் தானாகவே தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி இல்லை. "பண்டில் ஃபைலைப் பிரிக்க வேண்டாம்" என்பதும் அவசியம். பண்டிலும் ஒரு ஜிப் என்பதால், சில பிரிப்பு மென்பொருள்கள் அதையும் பிரித்துவிட முன்வரும். வழியில் எங்காவது பின்னொட்டு ஜிப் என்று மாறி வந்து சேர்ந்தால், அதைப் பண்டில் என்று திருத்தச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உரிமம் பற்றியும் இரண்டு வரி. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி0. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் சிசி பிஒய் 4.0. பிரஷால் வரைந்த ஓவியத்துக்கும் அந்த நிபந்தனை பொருந்துமா என்பது பயன்படுத்துபவர்களுக்கு எப்போதும் எழும் கேள்வி. "இந்த பிரஷ்களால் வரைந்த படங்கள் முழுக்க உங்களுடையவை, விற்கலாம்" என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் அந்தக் கேள்வி வராது. உரிமமே எழுதாமல் விட்டால், ஜாக்கிரதையான ஓவியர்கள் உங்கள் பிரஷைத் தொடவே மாட்டார்கள்.

அடுத்த பதிப்பு வெளியிடும்போது

கிரிட்டா 5-ல் பண்டிலை இயக்கலாம், நிறுத்தலாம். நிறுத்தினால் அதன் பிரஷ்கள் பட்டியலிலிருந்து மறையும், ஃபைல் அங்கேயேதான் இருக்கும். இதனால் முதல் பதிப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதையும் நிறுவினால், ஒரே பெயரில் இரண்டிரண்டு பிரஷ்கள் தெரியலாம், எது புதியது என்று பார்த்தால் தெரியாது. அதனால் புதிய பண்டிலின் பெயரில் 'வி2' என்று எண்ணை மாற்றுங்கள். குறிப்பில் "முதலில் பழைய பண்டிலை நிறுத்துங்கள், பிறகு இதை நிறுவுங்கள்" என்று எழுதுங்கள். பிரீசெட்டில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அதன் பெயரிலும் காட்டுவது நல்லது. பழைய பிரஷின் உணர்வுக்குப் பழகியவர்கள் இருப்பார்கள். அவர்கள் பாதி வரைந்த ஓவியத்தின் நடுவில் கோடு திடீரென்று மாறினால் யாருக்கும் பிடிக்காது.

மற்ற மென்பொருள்களில்

வேறு செயலியில் வரைபவர்களுக்குக் கொடுப்பதானால் தனித் தொகுப்புதான் செய்ய வேண்டும், கிரிட்டா பண்டில் அங்கே திறக்காது. புரோகிரியேட்டில் ஒரு செட்டை முழுதாகப் பகிர்ந்தால் பிரஷ்செட் என்ற ஒற்றை ஃபைலாக வரும். ஐபேடில் அதைத் தொட்டாலே செயலிக்குள் போய்விடும். கிளிப் ஸ்டூடியோவில் சப் டூலை (அங்கே ஒரு பிரஷுக்கு அந்தப் பெயர்) ஏற்றுமதி செய்தால் எஸ்யுடி ஃபைல் வரும். அதைச் சப் டூல் பேலட்டின் மேல் இழுத்துப் போட்டால் நிறுவியாகிவிடும். போட்டோஷாப்புக்கு ஏபிஆர், பேட்டர்னுக்குத் தனியாக பிஏடி. பிரஷ் எஞ்சின்கள் வெவ்வேறு என்பதால் அமைப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறாது. மாறுவது டிப் படமும் பேட்டர்ன் படமும்தான். அதனால் அவற்றின் மூல பிஎன்ஜி ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருங்கள். பிரஷின் அமைப்புகளை அந்தந்தச் செயலியில் புதிதாகச் செய்து, அங்கேயும் உங்கள் பிரஷ்கள் எதுவும் இல்லாத ஒரு சாதனத்தில் நிறுவிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள். ஐபேடில் அதற்கு நண்பரின் சாதனத்தைத்தான் கொஞ்ச நேரம் கடன் வாங்க வேண்டியிருக்கும்.